மாத்திரை போடாமல் வரவும்

முப்பத்தொன்று. மறுபடியும் எண்ணினேன், முப்பத்தொன்றுதான். ஒன்பது இருக்க வேண்டும். மாத்திரைக் கணக்கில் நான் தப்புவதில்லை, பதினெட்டு வருடமாக ஆய்வுக்கூடத்தில் மில்லிகிராமை மைக்ரோகிராமாக மாற்றிக்கொண்டிருக்கிற ஆள். ஒன்றாம் தேதி வாங்கியது என்று கவரின் மேலேயே எழுதியிருக்கிறது, அறுபது, காலை ஒன்று இரவு ஒன்று, இன்று இருபத்தாறு. நேற்று இரவோடு ஐம்பது, இன்று ரத்தம் கொடுத்த பிறகு ஒன்று, ஐம்பத்தொன்று போயிருக்க வேண்டும், மிச்சம் ஒன்பது. என் மடியிலோ மூன்று முழு அட்டையும், ஒற்றை மாத்திரை ஒட்டிக்கொண்டிருக்கிற இன்னொரு அட்டையும். ரப்பர் பேண்ட் போட்டு, பழைய ஸ்கேன் கவருக்குள் சொருகி வைத்திருக்கிறான் நந்து. நான் தேடியது போன மாத ரிப்போர்ட்டை. இந்த ஃபைலை நான்கு வருடமாக நான்தான் சுமக்கிறேன், ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும் "இந்தாக்கா" என்று நீட்டிவிட்டுப் பெரிய துரை மாதிரி கையை வீசிக்கொண்டு நடப்பான். என் கையிலிருக்கிற ஃபைலுக்குள்ளேயே ஒளித்து வைக்கத் தோன்றியிருக்கிறது பார், நான் இவனைச் சந்தேகப்பட்டு எதையும் கிளறமாட்டேன் என்று அவ்வளவு நிச்சயம். டோக்கன் பலகையில் இருபத்தேழு ஓடுகிறது. எங்களுடையது நாற்பத்திரண்டு. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடி, கிட்னி மாற்றினவர்கள் வந்து உட்காருகிற கூடம், எல்லார் முகத்திலும் மாஸ்க், ஏசி குளிர் முழங்காலில் இறங்குகிறது. நந்து கேன்டீனுக்குப் போயிருக்கிறான். நந்தகோபால், என் தம்பி, முப்பத்தெட்டு வயது, உடுமலையில் மோட்டார் காயில் கட்டுகிற பட்டறை வைத்திருக்கிறான். அவன் வயிற்றில் இருப்பது என் கிட்னி.

எதிர்ச் சுவரில் பிளாஸ்டிக் உறை போட்ட காகிதம். மருந்து அளவுப் பரிசோதனைக்கு வருபவர்கள் காலை மாத்திரை போடாமல் வரவும். கொட்டை எழுத்து, அடியில் சிவப்புக் கோடு. நான்கு வருடமாக அதற்கு எதிரில் உட்கார்ந்திருக்கிறோம். இரவு மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து ரத்தத்தில் எவ்வளவு மிச்சமிருக்கிறதோ அதுதான் நிஜ அளவு. போட்டுவிட்டு வந்தால் மருந்து அப்போதுதான் ரத்தத்தில் ஏறி உச்சத்தில் நிற்கும், எண் பெரிதாக வரும், மாதம் முழுக்கப் பட்டினி கிடந்தவன் ஒரு படி சோற்றைத் தின்றுவிட்டு எடை பார்க்க ஏறினது மாதிரி. இன்று காலை ஆறு மணிக்கு என் வீட்டுச் சமையலறையில் தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றான். நேற்றே வந்து என் வீட்டில்தான் தங்கினான். "வாய் காஞ்சு போச்சுக்கா" என்றான். சிங்க் ஓரத்தில் ஒரு வெள்ளித் துணுக்கு கிடந்தது, விரலில் ஒற்றி எடுத்துக் குப்பையில் போட்டேன், என் தைராய்டு மாத்திரையுடையது என்று. என் தைராய்டு மாத்திரை டப்பாவில் வருகிறது. அட்டையில் வருவதே இல்லை. மதியம் இரண்டு மணிக்கு இந்த நாற்காலியில்தான் அது உறைக்கிறது. அப்படியென்றால் பரிசோதனைக்கு முந்தின மூன்று நாள் ஒழுங்காக இரண்டு வேளை, ஆறு, இன்று காலை ஒன்று, ஏழு, மீதி இருபத்திரண்டு நாளும் நாளுக்கு ஒன்றே ஒன்று. இருபத்தொன்பது. அறுபதில் கழித்தால் முப்பத்தொன்று. கணக்கு சரியாக வந்துவிட்டது. ஆய்வுக்கூடத்தில் ஒரு கணக்கு இப்படி நேரானால் நாற்காலியை விட்டு எழுந்து ஒரு நடை நடந்துவிட்டு வருவேன். இங்கே அட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருக்கிறேன்.

ரிப்போர்ட்டும் மடியில்தான் இருக்கிறது. மருந்து அளவு பதினான்கு புள்ளி இரண்டு. எட்டைத் தாண்டக் கூடாது. கிரியாட்டினின் ஒன்று புள்ளி ஒன்பது. கிட்னி சரியாக வடிகட்டாவிட்டால் ரத்தத்தில் ஏறுகிற கழிவு அது, போன வருடம் ஒன்று புள்ளி இரண்டு, தை மாதம் ஒன்றரை, இப்போது இது. டாக்டர் ஜெயசீலி என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். அவர் நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தாலும் அதைத்தான் செய்வேன். மருந்து அதிகம், கிட்னி கெடுகிறது, மருந்துதான் கெடுக்கிறது, குறை. போன மாதமே சொன்னார், இன்னும் ஏறினால் மாத்திரையைக் குறைத்துவிடலாம் என்று. அவன் ஏற்கனவே பாதிதான் போடுகிறான். பாதியையும் குறைத்தால் என்ன மிஞ்சும்? அப்புறம் ஒரு நாள் அவன் உடம்பு விழித்துக்கொண்டு, இது யாருடைய சாமான், இங்கே எதற்கு இருக்கிறது என்று கேட்கும். கேட்க ஆரம்பித்துவிட்டது. ஒன்று புள்ளி ஒன்பது என்பது அந்தக் கேள்விதான், மருந்து கெடுத்ததில்லை. இன்னும் இரண்டு வாரம் இப்படிப் போனால் கிட்னி போய்விடும், திரும்ப டயாலிசிஸ், வாரத்துக்கு மூன்று நாள், கையில் அந்தத் தடித்த குழாய். கொடுக்க என்னிடம் இன்னொன்று இல்லை. இருப்பது எனக்கே வேண்டியது.

திருட்டுப்பயல். சிரித்துக்கொண்டே செய்திருக்கிறான். மாதாமாதம் இந்தக் கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து, அளவு சரியாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லும்போது என்னைப் பார்த்துத் தலையை ஆட்டி, படவா. அறுவைக்கு முந்தின நாள் அவனும் நானும் ஒரே அறையில் படுத்திருந்தோம். "உனக்கு வலிக்குமாக்கா" என்று கேட்டுக்கொண்டே இருந்தான், வலிக்காது என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். வலித்தது. ஆறு மாதம் இருமக்கூட பயம், இருமினால் இடது பக்கம் இழுக்கும். மழைக்காலத்தில் இப்போதும் தழும்பு ஊறல் எடுக்கிறது, பஸ்ஸில் உட்கார்ந்து புடவைக்கு மேலே கையை வைத்து அமுக்கிக்கொள்வேன், பார்க்கிறவர்கள் பசி என்று நினைத்துக்கொள்வார்கள். அதை நான் பெரிதாகச் சொன்னதே இல்லை. கொடுத்ததற்குக் கணக்கு கேட்கிற ஜாதி இல்லை நான். ஒன்றே ஒன்றுதான் கேட்டேன், காலை ஒன்று இரவு ஒன்று. பம்பளிமாஸ் என்றால் உயிரை விடுவான், மருந்தின் அளவை ஏற்றிவிடும் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து வாயில் வைக்கவில்லை. பழத்தை விட்டவனுக்கு மாத்திரையைப் போடத் தெரியவில்லையா? தெரிந்துதான் செய்திருக்கிறான், நாள் பார்த்து, எண்ணி. அதுதான் எரிகிறது. மறந்திருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பேன். எதிர் வரிசையில் ஒரு பொம்பளை தன் வீட்டுக்காரருக்கு டிபன் டப்பாவைத் திறந்து நீட்டுகிறாள், அவர் மாஸ்க்கைத் தூக்கி ஒரு வாய் போட்டுக்கொண்டு திரும்ப இறக்குகிறார், அவள் எண்ணவா போகிறாள், நம்பிக்கொண்டுதான் இருப்பாள். பலகையில் முப்பது. நர்ஸ் ஒரு பெயரை இரண்டு தடவை கூப்பிட்டாள், யாரும் எழவில்லை.

இந்த மாத்திரையைப் பற்றி இவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். பட்டறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அவனுக்குப் புரிகிற மாதிரி. நம் எதிர்ப்பு செல்லுக்குள் ஒரு நொதி இருக்கிறது, அது தட்டி எழுப்பினால்தான் செல் சண்டைக்குக் கிளம்பும், மாத்திரை அந்த நொதியைப் பிடித்து மொத்தமாகக் கட்டிப்போடுகிறது. சண்டை நிற்கிறது, சரி. அதே நொதிக்கு உடம்பு முழுக்க வேறு வேலைகளும் இருக்கின்றன, கிட்னியில் கூட, அதெல்லாமும் நிற்கிறது. "ஒரு வீட்டு மோட்டாரை நிறுத்தறதுக்கு ட்ரான்ஸ்ஃபார்மரையே ஆஃப் பண்றாப்லயா?" என்று கேட்டான். அதேதான் என்றேன். எந்த மருந்து கிட்னியைக் காப்பாற்றுகிறதோ அதுவே பத்துப் பதினைந்து வருடத்தில் கிட்னியை அரிக்கிறது. எங்கள் ஆய்வுக்கூடத்து வேலை அந்த ஒரு வீட்டு மோட்டாரை மட்டும் நிறுத்துவது. நொதியின் பக்கவாட்டில் ஒரு சின்னப் பள்ளம், செல்லை எழுப்பப் போகிற புரதம் அங்கேதான் வந்து உட்கார்ந்து வேலை வாங்கிக்கொண்டு போகும். அந்தப் பள்ளத்தில் முன்கூட்டியே போய் உட்கார்ந்து இடத்தைப் பிடித்துக்கொள்ள ஒரு துண்டு, பதினான்கு அமினோ அமிலம் கோத்த பெப்டைடு. நொதி மற்ற வேலைகளைப் பார்த்துக்கொண்டு போகட்டும், இந்த ஒரு வேலை மட்டும் நடக்காது. ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி இருநூற்றுப் பன்னிரண்டு செய்தேன். நூற்று முப்பத்தேழாவது பள்ளத்தில் போய் அப்படி உட்கார்ந்தது, கழுவினாலும் எழவில்லை. செல்லுக்குள் நுழைவதற்கு ஒன்பது ஆர்ஜினினை வாலாகக் கட்டினேன். நந்து அதற்கு மாமா என்று பெயர் வைத்தான். அக்கா கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, ராப்பகலாக இதனோடுதான் குடித்தனம், அப்படியானால் இது எனக்கு மாமாதானே என்றான். போனை எடுத்ததும், "மாமா சௌக்கியமாக்கா? எப்ப நம்ம ஊட்டுக்கு வர்றாரு?" போன வருடம் பங்குனியில் செல்களின் மேல் விட்டுப் பார்த்தபோது எதிர்ப்பு செல்கள் அப்படியே அடங்கின. அன்று நான்தான் அவனுக்குப் போன் போட்டேன். மாமா பாஸாயிட்டாருடா என்றேன். பட்டறையில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தானாம்.

அதை இப்போது எதற்கு நினைக்கிறேன். பேச்சு முப்பத்தொரு மாத்திரையைப் பற்றி. மாமா கதை வேறு. எந்தப் பெப்டைடுக்கும் கூடவே ஒரு போலி செய்ய வேண்டும், ஸ்க்ராம்பிள் என்போம், அதே பதினான்கு அமினோ அமிலம், அதே வால், வரிசையை மட்டும் கலைத்துவிட்டது. அசல் வேலை செய்ய வேண்டும், போலி சும்மா கிடக்க வேண்டும். அப்போதுதான் வேலை செய்தது வரிசைதான், வேறெதுவும் இல்லை என்று சொல்லலாம். எங்கள் போலி சமர்த்தாகச் சும்மா கிடந்தது. அசலை நானே செய்தேன், போலியை வெளியிலிருந்து வாங்கினோம், போலிக்குப் போய் யார் மெனக்கெடுவது. ஆவணியில் வாங்கினது தீர்ந்துவிட்டது. புதிதாக வர ஆறு வாரம் ஆகும் என்றார்கள், அவசரத்துக்கு நானே செய்தேன். நான் செய்த போலி செல்களை அசலைப் போலவே அடக்கியது. இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை. மைக்ராஸ்கோப்பில் உற்றுப் பார்த்தேன், செல்கள் அடங்கவில்லை, நொந்துபோய்ச் சுருண்டு கிடந்தன. சுத்தம் செய்கிற குழாயில் ஒரு அமிலம் ஓடும், மூக்கைத் துளைக்கிற வாடை, பெப்டைடு வெளியே வரும்போது அதைப் பிடித்துக்கொண்டே வரும். ஒரு ஆர்ஜினின் ஒரு அமிலத்தைப் பிடிக்கும், என் வாலில் ஒன்பது ஆர்ஜினின். நான் நிறுத்துப் போட்ட வெள்ளைப் பொடியில் கால்வாசிக்கு மேல் அமிலம்தான், செல்களைச் சுருட்டினது அதுதான். வெளியிலிருந்து வாங்கின போலியில் அதைக் கழுவி எடுத்து, சாதுவான உப்பாக மாற்றி அனுப்பியிருந்தார்கள். கூட வந்த தாளில் அப்படியே எழுதியிருந்தது. படித்தேன், ஃபைலில் போட்டேன். அசலையும் கழுவிப் பார்த்தேன். செல்கள் குதித்துக்கொண்டு சண்டைக்குக் கிளம்பின. நூற்று முப்பத்தேழு பள்ளத்தில் நன்றாகத்தான் உட்காருகிறது, கண்ணாடிக் குழாயில். செல்லுக்குள் அதனால் ஒன்றும் ஆகவில்லை. சபேசன் சாரிடம் போய்ச் சொன்னேன், எங்கள் தலைவர். திட்டுவார் என்று நினைத்தேன், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "உப்பை நானும் கேட்டிருக்கணும்மா" என்றார். ஒரே வாரத்தில் கூட்டாளிகள் எல்லாருக்கும் எழுதிவிட்டார், தப்பு, நிறுத்துகிறோம் என்று. எல்லாருக்கும் சொன்னோம். முப்பத்து மூன்று. ஏசிக்காரன் எங்கே, இந்தக் குளிரை யாராவது குறைக்கக் கூடாதா.

அவன் வருகிறான். இரண்டு காகிதக் கப்பில் டீ, இடுக்கில் ஒரு தேங்காய் பன். "எத்தனாவதுக்கா ஓடுது?" என்று கேட்டுக்கொண்டே வந்தவன் என் மடியைப் பார்த்தான். அட்டைகளை நான் மறைக்கவில்லை. டீயைப் பக்கத்து நாற்காலியில் வைத்தான், சிந்தாமல், நிதானமாக. "நீ ஏன் அந்தக் கவரைப் பாத்தே?" என்றான். கேள்வியைப் பார். "எத்தனை மாசமாடா?" என்றேன். "சத்தம் போடாதக்கா." "எத்தனை மாசம்?" "தையிலிருந்து." உட்கார்ந்தான். முழங்கையில் ரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. "காலையில போடறதில்ல. ராத்திரி மட்டும். டெஸ்டுக்கு மூணு நாள் முன்னாடி ரெண்டு வேளையும் போட்டுருவேன், அளவு சரியா வந்துரும். இந்தத் தடவ பயமா இருந்துச்சு, காலையிலயும் ஒண்ணு போட்டுட்டேன். எவ்வளவு வந்திருக்கு?" "பதினாலு." அவன் முகம் தெளிந்தது, சத்தியமாகத் தெளிந்தது, பரீட்சையில் தேறினவன் மாதிரி. "அப்ப மாத்திரையைக் கொறைச்சுருவாங்கல்ல?" என்றான். கன்னத்தில் ஒன்று விடலாம் என்று கை வந்தது. "அறிவிருக்காடா உனக்கு? கிட்னி போயிட்டிருக்கு. என் கிட்னி." முதல் தடவையாக அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தது, என் கிட்னி. நான்கு வருடமாக உன் கிட்னி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் கோபப்படவில்லை. "அதுக்குத்தான்க்கா" என்றான்.

"எனக்குன்னா எப்படியோ போகட்டும்னு வுட்ருப்பேன். அது உன்னோடது. இந்த மாத்திரைதான் அதை அரிக்குதுன்னு நீதானே சொன்னே. தையில கிரியாட்டினின் ஏறினப்ப டாக்டரம்மாவும் மாத்திரையால இருக்கலாம்னாங்க. அன்னைக்குச் சாயங்காலமே உனக்குப் போன் போட்டேன், ஞாபகம் இருக்கா? மாமா எப்பக்கா வர்றாருன்னு கேட்டேன். நல்லா இருக்காருடா, இன்னும் ரெண்டு வருஷத்துல வந்துருவாருன்னே." அவன் பன்னைப் பிய்த்து எனக்கு ஒரு பாதியை நீட்டினான். "ரெண்டு வருஷந்தானே. அது வரைக்கும் இதைக் கொஞ்சமாத் தின்னு, உன்னோடதை அரிபடாம வெச்சிருந்தா, அப்புறம் மாமா பாத்துக்குவாரு. நான் போட்ட கணக்கு அதான்க்கா." பாதி பன் என் கையில் இருந்தது, தேங்காய்ப்பூ மடியில் உதிர்ந்தது, மாத்திரை அட்டைகளின் மேல். "வோல்டேஜ் கொறைஞ்சா மோட்டார் என்னடா ஆகும்?" என்றேன். "காயில் கருகிரும்." தொழில் பழக்கத்தில் பட்டென்று சொன்னவன் நின்றுவிட்டான். "அப்படியாக்கா?" என்றான். அப்புறம் மெதுவாக, "டாக்டரம்மாகிட்ட இப்பச் சொல்லிராதக்கா, எல்லாரும் இருக்கறப்ப திட்டுவாங்க. இன்னைக்கிருந்து ரெண்டு வேளையும் போட்டுக்கறேன். நீ எங்கிட்ட ஒண்ணையும் மறைச்சதில்ல, நான் உங்கிட்ட மறைச்சதுதான் தப்பு. மனசுல வெச்சுக்காத."

முப்பத்தெட்டு. டீ ஆறிவிட்டது, ஏடு கட்டிவிட்டது. தை மாதம் அன்று நான் எங்கே நின்றுகொண்டிருந்தேன்? வராண்டாவில், போன் காதில், துணி காயப்போட்டுக்கொண்டு. மாமா செத்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. சபேசன் சார் எல்லாருக்கும் சொல்லிவிட்டார், நான் ஒருத்தனுக்குச் சொல்ல வேண்டியிருந்தது, சொல்லவில்லை. ஆவணியில் சொல்லியிருக்கலாம், அப்போது அவன் மகளுக்குக் காது குத்து, சந்தோஷமாக இருக்கும்போது எதற்கு என்று விட்டேன். ஐப்பசியில் சொல்லியிருக்கலாம், அப்போது அவனுக்குக் காய்ச்சல். தையில் கிரியாட்டினின் ஏறி அவன் குரலே உடைந்து கிடந்தது, அந்தக் குரலிடம் போய் எப்படிச் சொல்வது என்றுதான் சொன்னேன், நல்லா இருக்காருடா. இது சுத்தமான உண்மையா? இல்லை. கழுவிப் பார்த்தால் அடியில் வேறு ஒன்று இருக்கிறது. அவன் பட்டறையில் என்னைப் பற்றிப் பேசுகிற பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. எங்கக்கா மருந்து கண்டுபிடிக்குது, கிட்னியும் கொடுத்தது, அதைக் காப்பாத்த மருந்தும் கொடுக்கப்போகுது என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்வான். அந்த அக்காவை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. என்னவோ இவன் என்னை ஏமாற்றிவிட்டான் என்று ஒரு மணி நேரமாகக் கொதிக்கிறேன், கொதிப்பதும் நிற்கவில்லை, அதுதான் கேவலம். இப்போதும் ஒரு பக்கம் அவனைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறது மனசு, என்னிடம் கேட்டிருக்கலாமே, ஒரு வார்த்தை கேட்டிருந்தால் குறைக்காதே என்று சொல்லியிருப்பேனே. கேட்டான். மாமா எப்போது வருவார் என்று கேட்டான். அவனுக்குத் தெரிந்த விதத்தில் கேட்டான்.

இதுவரைக்கும் யாருக்கும் தெரியாது. மாத்திரைகளை டாக்டர் முன்னால் வைத்தால் போதும், கிட்னி பிழைக்கலாம், மாமா கதையை எடுக்கவே வேண்டாம். பையன் ஏதோ முட்டாள்தனமாகக் குறைத்துவிட்டான், அவ்வளவுதான், இனிமேல் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லலாம். அவன் தலையைக் குனிந்து கேட்டுக்கொள்வான். ஆனால் தையிலிருந்து ஆறு மாதம் அவன் போட்ட கணக்கில் அந்த இரண்டு வருடம் அப்படியே நிற்கும். இரண்டு வருடம் கழித்து மறுபடி எண்ண ஆரம்பிப்பான். கிரியாட்டினின் இன்னொரு தடவை ஏறினால் பட்டறையில் உட்கார்ந்து யோசிப்பான், மாமா வரப்போகிறார், அது வரைக்கும் அரிபடாமல் வைத்திருக்கலாம் என்று. அந்த வாலைக் கழுவாமல் விட்டால் என்ன ஆகும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும். சொன்னால்? நான்கு வருடமாக இந்தாக்கா என்று ஃபைலை நீட்டுகிறானே, அது நின்றுவிடும். நாற்பது. அவன் மாத்திரை அட்டைகளின் மேலிருந்த தேங்காய்ப்பூவை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டிருக்கிறான், சின்ன வயதில் என் பள்ளிக்கூடப் பாவாடையில் ஒட்டின நாயுருவியைப் பிடுங்குவானே, அதே மும்முரம். எனக்குப் பயமாக இருக்கிறது. கிட்னியைக் கொடுக்கப் போனபோதுகூட இப்படிப் பயந்ததில்லை.

நாற்பத்திரண்டு. டாக்டர் ஜெயசீலி ரிப்போர்ட்டைப் பார்த்தார், புருவம் ஏறியது. "பதினாலா?" என்றார். "கிரியாட்டினினும் ஏறிருக்கு. நந்தகோபால், காலையில மாத்திரை போடாமத்தானே ரத்தம் குடுத்தீங்க?" அவன் என்னைப் பார்க்கவில்லை, பார்க்கத் தேவையில்லை என்கிற மாதிரி நேராக உட்கார்ந்து, "ஆமாங்க டாக்டர், போடலீங்க" என்றான். "அப்ப மருந்துதான் அதிகம். குறைச்சிரலாம்." பேனா மருந்துச் சீட்டின் மேல் இறங்கியது. நான் நான்கு அட்டைகளையும் மேசையில் வைத்தேன். "முப்பத்தொண்ணு இருக்கு டாக்டர். ஒன்பதுதான் இருக்கணும். காலையில போட்டுட்டுத்தான் வந்திருக்கான். ஆறு மாசமா ஒரு வேளைதான் போடறான்." "அக்கா" என்றான் அவன். அந்த ஒரு வார்த்தையை அவன் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

டாக்டர் பேனாவை மூடினார். அட்டைகளைப் புரட்டிப் பார்த்தார். "ஏன் இப்படிப் பண்ணீங்க?" என்று கேட்டார், திட்டுகிற குரல் இல்லை. அவன் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான். "அக்காவோட மருந்து வருதுங்க டாக்டர். ரெண்டு வருஷத்துல. அது வரைக்கும் கிட்னியைக் காப்பாத்தி வெச்சிருக்கலாம்னு." டாக்டர் என் பக்கம் திரும்பினார். "அப்படியா மேடம்?" ஆய்வுக்கூடத்து வார்த்தைகளில் டாக்டருக்கு மட்டும் புரிகிற மாதிரி ஒரு வரி சொல்லியிருக்கலாம், வாய் வரைக்கும் வந்தது. நாற்காலியை அவன் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"மாமா இல்லடா நந்து. போன ஆவணியிலயே போயிட்டாரு."

அவனுக்குப் புரிய நேரம் பிடித்தது. "ஆவணியா?" என்றான்.

"ஆவணி."

"தையில நான் கேட்டனே."

"கேட்டே."

"நல்லா இருக்காருன்னியே."

டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார், யார் அந்த மாமா என்று கேட்கவில்லை. இன்றே அட்மிட் ஆகணும், சின்ன ஊசி போட்டுத் துளி சதை எடுத்துப் பார்த்துவிடலாம், உடம்பு சண்டை போட ஆரம்பித்திருந்தால் மூன்று நாள் ஊசி போட்டால் அடக்கப் பார்க்கலாம், இன்னும் நேரம் இருக்கிறது, இன்றைக்குத் தெரிந்தது நல்லதாயிற்று என்று சொல்லிக்கொண்டே எழுதினார். மாத்திரை பழைய அளவுதான், காலை ஒன்று, இரவு ஒன்று. அவன் சரிங்க, சரிங்க என்று ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான். கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போட்டான். எழுந்தோம். வழக்கம்போல ரிப்போர்ட்டுகளை அடுக்கி, ஸ்கேன் கவரை உள்ளே தள்ளி, ஃபைலை அக்குளில் இடுக்கிக்கொண்டேன். கதவருகில் அவன் நின்றான். என் முகத்தைப் பார்க்காமல் கையை நீட்டினான்.

"குடு. நானே வெச்சுக்கறேன்" என்றான்.

கொடுத்தேன்.